ஜுனைதாவின் அறுபது கதிரைகள்

உக்குவளையில் தேர்தல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் பத்திரிகை வாசிப்பார்கள், டீக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாத்திரம் கேட்கப் போகிறவர்களும் உண்டு. ஜுனைதாவுக்கு இந்தக் கரைச்சல் எதுவும் கிடையாது. அவளிடம் கதிரைகள் இருந்தன.

கண்டி வீதியில் ரயில் கடவையைத் தாண்டியதும் இடது பக்கம் 'ஹஸீப் ஹயர்' என்று பச்சை எழுத்தில் ஒரு பலகை தொங்கும். கலியாணம், பிள்ளைகளின் கத்னாச் சடங்கு, மரண வீடு, அரசியல் கூட்டம், எதுவானாலும் கதிரையும் கூடாரமும் பெரிய சட்டிகளும் மைக் செட்டும் வாடகைக்கு அங்கே கிடைக்கும். ஹஸீப் மௌத்தாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அன்றிலிருந்து கடையை நடத்துவது அவருடைய மனைவி ஜுனைதா. லொறி ஓட்டுவது அவருடைய தம்பி ஜைனுதீன்.

கூட்டம் முடிந்து கதிரைகள் திரும்பி வரும்போது ஜுனைதா லொறிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஆள் உட்கார்ந்த கதிரைக்குக் கால் மண்ணில் இறங்கியிருக்கும், சேறு ஒட்டியிருக்கும், வெற்றிலைக் கறையும் இருக்கும். ஆள் உட்காராத கதிரையோ அடுக்கின அடுக்குக் குலையாமல் புதுப்பெண் மாதிரி வந்து இறங்கும். மேடையில் நின்று கத்தியவர்கள் மறுநாள் அலை அடித்தது, கடல் திரண்டது என்று சொல்லிக்கொள்ளட்டும். சேற்றைக் கழுவுகிறவளுக்குத் தெரியாதா? கடந்த மூன்று தேர்தல்களிலும் அவள் சொன்னது பிழையாகவில்லை.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கடை நிறையக் கதிரை இருந்தும் அவள் எதிலும் உட்காரமாட்டாள். ஒரு பழைய சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் இருப்பாள். வாடகைக்குப் போகிற கதிரை ஊராருடைய கதிரை, நாம் அதில் இருந்து தேய்க்கக் கூடாது என்பது ஹஸீப் போட்ட சட்டம். சட்டம் போட்டவர் போய்விட்டார், சட்டம் மட்டும் அந்தப் பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு கதிரையின் அடியிலும் பச்சைப் பெயின்டில் மூன்று புள்ளிகள் வைப்பதும் அவர் தொடங்கியதுதான்.

அந்தப் பகுதியில் போட்டி எப்போதும் இரண்டு கட்சிகளுக்கு இடையில்தான். இரண்டுக்கும் முழங்கை நீளத்துக்குப் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. சின்னத்தைச் சொன்னால் போதும். மண்வெட்டிக் கட்சி இடதுசாரிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. பசளை, கூலி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பேசும், சில நேரம் பேசிக் கொல்லும். முரசுக் கட்சிக்கு ஒரே பாட்டுத்தான். நாடு ஆபத்தில், இனம் ஆபத்தில், மதம் ஆபத்தில். ஆபத்து யாரால் என்று பெயர் சொல்லாமல், ஜுனைதாவின் முக்காட்டைப் போன்ற முக்காடுகளைப் பார்த்துச் சொல்லும்.

ரயில் பாதைக்கு மேலே மிளகுத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சிங்களக் கிராமம் உடகம. அது ஒரு காலத்தில் மண்வெட்டியின் கோட்டை. கூட்டுறவுச் சங்கம், மே தின ஊர்வலம், சிவப்புக் கொடி எல்லாம் அங்கேதான். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள், பழி எல்லா முஸ்லிம்கள் மேலும் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் நடந்த தேர்தலில் உடகம கூண்டோடு முரசின் பக்கம் போனது. பிறகு எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள், யோசித்ததில் போன தேர்தலில் பாதிக் கிராமம் மண்வெட்டிக்குத் திரும்பியது. வீடுகள் அதே இடத்தில் நிற்க, அந்தக் கிராமம் ஐந்து வருஷத்தில் இரண்டு தரம் குடி பெயர்ந்திருந்தது.

ஜுனைதாவுக்கு அந்தத் திரும்புதலில் நம்பிக்கை வரவில்லை. அதற்கு அவளுக்கு அறுபது காரணங்கள் இருந்தன. அறுபதும் கதிரைகள்.

உடகமையில் குலதுங்க என்றொருவர் இருக்கிறார். மிளகு விவசாயி, செத்த வீடுகளுக்கு உதவுகிற ஊர் மரணாதாரச் சங்கத்தின் செயலாளர். அவருடைய தாய் இறந்தது உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய வாரம், அடக்கம் சனிக்கிழமை. மரண வீட்டுக்கு ஹஸீப் ஹயரில் வாடகை கிடையாது, எந்த மதமானாலும் சரி. அறுபது கதிரையும் ஒரு கூடாரமும் போயின. கூடாரத்தைச் சனிக்கிழமை மாலையே ஜைனுதீன் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். கதிரைகளை ஞாயிறு மத்தியானம் போய் எடுப்பதாகப் பேச்சு.

ஞாயிறு காலையில் நாடு வேறு நாடாகிவிட்டது. ஊரடங்கு போட்டார்கள். ஊரடங்கு எடுத்த பிறகும் முஸ்லிம் கடைக்காரர்கள் சிங்களக் கிராமத்துக்கு லொறி கொண்டு போகத் துணியவில்லை. வாரம் மாதமாகி, மாதம் வருஷமானது. கதிரைகள் வரவில்லை. உடகமக்காரர்கள் கலியாணத்துக்கும் பிக்குகள் வந்து பிரித் ஓதுவதற்கும் கண்டியிலிருந்து கதிரை எடுத்தார்கள். அந்த லொறிகள் ஜுனைதாவின் கடையைத் தாண்டித்தான் போயின. ஒரு நாள் சந்தையில் குலதுங்க எதிரே வந்தார், அவளைக் கண்டதும் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார். களவெடுத்தவனுக்கு முகம் எப்படி வரும் என்று அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு உடகமையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவளிடம் ஒரு வசனம் தயாராக இருந்தது.

"கதிரையையே திருப்பித் தராதவங்க, வோட்டையா தரப் போறாங்க?"

இந்த வசனத்தை அவளுடைய மகள் ஜஸ்லா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். இப்போது அதைக் கேட்பது அவளுக்கு முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது. பிரதேச சபைத் தேர்தலில் அந்த வட்டாரத்துக்கு மண்வெட்டியின் வேட்பாளர் அவள்தான்.

ஜஸ்லா பாலர் பாடசாலை டீச்சர். எரிவாயு இல்லாத அந்த வருஷம் கடையில் சும்மா கிடந்த பிரியாணிச் சட்டிகளை இறக்கி, விறகடுப்பு மூட்டி, பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஆக்கத் தொடங்கினாள். தெருப் பிள்ளைகள் வந்தார்கள், தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் வந்தார்கள், கொஞ்ச நாளில் மேலேயிருந்து உடகமப் பிள்ளைகளும் வந்தார்கள். சோறு போட்ட கை நினைவில் நிற்கும் என்று கட்சிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். வட்டாரத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா, ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர், வீட்டுக்கு வந்து கேட்டார். ஜஸ்லா ஓமென்றாள். ஜுனைதா மூன்று நாள் மகளோடு சரியாகப் பேசவில்லை.

தோற்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. தேர்தல் என்றால் யாராவது தோற்கத்தான் வேண்டும். வெறுங்கதிரைகளுக்கு முன்னால் தன் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் பார்க்க நேரிடுமோ என்பதுதான் அவள் நெஞ்சை அரித்தது. அப்படி நின்றவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். தொண்டையைச் செருமுவார்கள், மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர்கள் ஊரில் நடக்கிற நடையே மாறிவிடும். வட்டாரத்தில் பாதிக்கு மேல் வோட்டு இருக்கிற உடகமையில் மகளுக்கு அது நடந்தால் அவளால் தாங்க முடியாது.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் அபேசுந்தர கடைக்கு வந்தார். முன்பு கூட்டுறவுச் சங்கத்தில் சிவப்புச் சட்டையோடு திரிந்தவர், பத்தொன்பதில் முரசுக்குப் போனவர், இப்போது அதன் அமைப்பாளர். வந்து மரியாதையாகச் சிரித்தார், தேநீர் கொடுத்ததும் குடித்தார். பிரசாரம் முடிகிற சனிக்கிழமை மாலை ரயில் நிலைய மைதானத்தில் பெரிய கூட்டம், கொழும்பிலிருந்து ஆள் வருகிறார், கடையில் இருக்கிற அத்தனை கதிரையும் வேண்டும் என்றார்.

பத்தொன்பதில் இதே ஆளின் கூட்டங்களுக்குக் கண்டியிலிருந்து கதிரை வந்தது. இப்போது கட்சியில் காசு வற்றிப்போனதும் பக்கத்துக் கடை கண்ணுக்குத் தெரிகிறது. வா ராசா வா என்று ஜுனைதா உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். தன்னை ஒதுக்கியவர்கள் தன் வாசலுக்கு வந்து நிற்பதில் அவளுக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது, அதை மறைத்துப் பிரயோசனமில்லை. எல்லாக் கதிரையும் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

அந்த ஒப்புதல் பிறகு அவள் கழுத்தைப் பிடித்தது. ஜஸ்லாவின் உடகமக் கூட்டம் அதற்கு முந்தைய வாரம் நடக்க இருந்தது. அன்று மூன்று மணிக்கே இடி இடித்து, மலையில் மேகம் உடைந்தது போல மழை கொட்டியது. கூட்டத்தை ஒத்தி வைத்தார்கள். கட்சிக்கு மிச்சமிருந்த ஒரே நாள் கடைசிச் சனிக்கிழமை. அன்று மாத்தளை மாவட்டம் முழுக்க எல்லாக் கட்சிக்கும் கடைசிக் கூட்டம். தம்புள்ளை வரைக்கும் ஜைனுதீன் டெலிபோன் எடுத்துப் பார்த்தார், ஒரு முக்காலி கூட மிச்சமில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா கடைக்கு வந்து, சொந்தக் கடையில் கதிரை இருக்க வேட்பாளர் வெறும் நிலத்தில் கூட்டம் வைப்பதா என்று நாகரிகமாகச் சினந்துகொண்டார். பாதியை மைதானத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதி உடைந்துவிட்டதாகச் சொல்லலாமே என்பது அவருடைய யோசனை. ஜைனுதீனும் அதற்குத் தலையாட்டினார். ஜுனைதா சோடாப் பெட்டியை விட்டு எழும்பவில்லை. அவர்கள் போன பிறகு ஜஸ்லா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"வேணும்னுதான் அவர் எல்லாத்தையும் கேட்டிரிக்கார், உம்மா. நம்மட கூட்டத்துக்குக் கதிரை இல்லாமப் போகட்டும்னு."

"இரிக்கும். ஆனா அவர் வந்தப்போ உங்கட கூட்டம் வேற நாள். நான் தாரேன்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்ட ஹயர மாத்தினா உங்கட வாப்பாட பேர்ல இந்தக் கடைய நடத்த ஏலா மகள்."

தாயின் பிடிவாதம் ஜஸ்லாவுக்குத் தெரியாததல்ல, அதில் ஒரு பங்கு அவளுக்கும் வந்திருந்தது.

"அப்போ நின்னுகிட்டே கேக்கட்டும்," என்றாள்.

யாரும் நின்று கேட்கமாட்டார்கள் என்று ஜுனைதாவுக்குத் தெரியும். மிளகுக் கொடியோடு பகல் முழுக்க ஏணியில் நிற்கிறவன் மாலையில் அரசியல் கேட்கவும் நிற்பானா? வயசானவர்கள் உட்கார இடம் இருந்தால்தான் வீட்டை விட்டு வெளிக்கிடுவார்கள். இதை மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்றிரவு தஹஜ்ஜுத் தொழுகையில் அவள் கேட்ட துஆவில் வெற்றி என்ற சொல்லே இருக்கவில்லை. என்ட பிள்ளைக்கு முன்னால நாலு பேரை இருக்க வை, ரப்பே என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானமே ஜைனுதீனும் அவளும் ரயில் நிலைய மைதானத்தில் அத்தனை கதிரையையும் இறக்கி, அடுக்குகளாக வைத்துக் கொடுத்தார்கள். அபேசுந்தர மேடையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தை அவர் பார்த்தார், அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அன்று மழைக்குணம் இருக்கவில்லை.

பிறகு லொறியில் ஒரு மைக் செட்டையும், கடையில் கிடந்த கலியாணப் பாய்களையும் போட்டுக்கொண்டு உடகமைக்கு ஏறினார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் அவள் போகிறாள். பாதைக்குக் கொங்கிரீட் போட்டிருந்தது, வளைவுகள் அதே வளைவுகள். வழியில் இரண்டொரு வீட்டில் ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

கூட்டத்துக்குக் குறித்த இடம் மரணாதாரச் சங்க மண்டபத்துக்கு முன்னால் இருந்த வெளி. ஜஸ்லாவும் ஸ்ரீஸ்கந்தராஜாவும் இன்னும் நாலைந்து கட்சிப் பிள்ளைகளும் நின்றார்கள். வேறு ஒரு குஞ்சு இல்லை. ஜைனுதீன் பாய்களை இறக்கினார். முந்தைய நாட்களின் மழையில் நிலம் சொதசொதவென்று கிடந்தது, விரித்த முதல் பாயிலேயே தண்ணீர் ஊறி மேலே வந்தது. ஜஸ்லா மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். ஜுனைதா லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

அப்போது மண்டபத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

குலதுங்க வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கதிரை. அவருக்குப் பின்னால் அவர் மகன், அவனுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள், எல்லோர் கையிலும் கதிரை. வந்து வெளியில் வரிசையாக வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார்கள். எந்தக் கட்சிக்காரர் மண்டபக் கதிரைகளைப் பேசி வைத்தாரோ என்று ஜுனைதா யோசித்தாள். கிட்டப் போனாள். கைப்பழக்கத்தில் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

அடியில் மூன்று பச்சைப் புள்ளிகள் இருந்தன. நடுப்புள்ளி கொஞ்சம் சறுக்கி, ஹஸீபின் கைக்கே உரிய கோணலோடு.

அவள் கதிரையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். குலதுங்க வந்து எதிரில் நின்றார். இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். அவர் சிங்களத்தில் பேசினார். அவளும் அதே பாஷையில்தான் பதில் சொன்னாள்.

"அக்கே, நீங்க வந்து எடுப்பீங்கன்னு நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம்."

"எடுத்துட்டு வந்து தந்திருக்கலாமே."

"செத்த வீட்டுச் சாமானை வீட்டுக்காரங்க நாங்க தூக்கிக்கிட்டுப் போய் இன்னொருத்தர் வாசல்ல இறக்க மாட்டோம் அக்கே. மரணத்தைக் கொண்டு போய் அந்த வீட்டுல வைக்கிற மாதிரி அது. உரியவங்கதான் வந்து எடுக்கணும். ஹஸீப் முதலாளிக்கு அது தெரியும். அதனாலதான் அவர் எப்பவும் மறுநாளே வந்துருவார்."

ஹஸீபுக்குத் தெரிந்திருந்தது. அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, ஒவ்வொரு முறையும் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவள் கடையைப் பொறுப்பெடுத்த பிறகும் ஜைனுதீன் அந்த வழக்கப்படியே போய் வந்தார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இவர்கள் பயத்தில் போகாமல் விட்ட ஒரே தடவை அதுதான். அவர்கள் வந்து தரவில்லை என்று இவள் இருந்தாள், இவள் வந்து எடுக்கவில்லை என்று அவர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கோபம் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஓடியிருந்தது.

ஒரு டெலிபோன் எடுத்திருக்கலாமே என்று அவள் கேட்டாள். குலதுங்க நிலத்தைப் பார்த்தார்.

"எந்த முகத்தோட எடுக்கிறது? அந்த வருஷம் நாங்க முரசுக்குப் போட்டோம், அக்கே. நானும் போட்டேன். பயந்துட்டோம். எங்க அம்மாவுக்கு இலவசமாக் கதிரை தந்த வீட்டுக்காரங்களைப் பத்தி மேடையில சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தோம். சந்தையில உங்களைக் கண்டா எனக்குக் கால் வராது."

ஜுனைதாவுக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆறு வருஷமாக அவளிடம் யாரும் இப்படி முகத்துக்கு நேரே உண்மை சொல்லவில்லை என்பதும் அந்த நேரத்தில்தான் அவளுக்கு விளங்கியது.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி மீதியைச் சொன்னாள். பத்தொன்பதில் அபேசுந்தர இந்தக் கதிரைகளைக் கூட்டத்துக்குக் கேட்டு வந்தாராம். உரியவங்க வந்து எடுக்காத சாமானைத் தரமாட்டேன் என்று குலதுங்க கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். அவருக்கு வோட்டைக் கொடுத்த கை கதிரையைக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, வெசாக் பண்டிகைக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகிற தன்சலில் சனம் கூடிவிட்டதால், ஒன்றிரண்டை வெளியில் எடுத்தார்களாம், அதில் ஒன்றின் கால் முறிந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. முறிந்த காலில் செப்புக் கம்பி சுற்றிச் சுற்றி, கட்டுப் போட்ட கால் மாதிரி இறுக்கியிருந்தார்கள்.

"நேத்து உங்க மகளுக்குக் கதிரை இல்லைன்னு கேள்விப்பட்டோம்," என்றார் குலதுங்க. "கதிரை உங்களுடையது. இன்னைக்கு நீங்களே எங்க ஊருக்கு வந்துட்டீங்க. அதான் வெளியில எடுத்தோம்."

அல்லாஹ்விடம் ஜுனைதா நாலு பேரைத்தான் கேட்டிருந்தாள். அவன் அறுபது கதிரையோடு பதில் சொல்லியிருந்தான், அதுவும் அவளுடைய கதிரைகளாலேயே. அவள் அந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் என்றாள், பிறகு சிங்களத்தில் ஸ்தூதி என்று நன்றி சொன்னாள், பிறகு இரண்டும் போதாமல் குலதுங்கவின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதிரைகளைக் கண்டதும் ஆட்கள் வந்தார்கள். கால் வலிக்கிற கிழவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், பாலர் பாடசாலையில் சோறு தின்ற பிள்ளைகளின் தாய்மார். அறுபதும் நிறைந்து, பின்னால் வீடுகளிலிருந்து முக்காலியும் வாங்குப் பலகையும் வந்தன. ஜுனைதா வழக்கம்போலப் பின்னால் நின்று பார்த்தாள். கூட்டத்தை ஒப்புக்கு வந்து பார்க்கிறவன் கதிரையின் நுனியில் இருப்பான். இவர்கள் முதுகைச் சாய்த்து இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கதிரையோடு முன்னால் நகர்ந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தியும் நகர்ந்தாள்.

ஜஸ்லா சிங்களத்தில் பேசினாள். நாடு, இனம் என்று பெரிய பேச்செல்லாம் இல்லை. ஊர்ப் பாலத்தைப் பற்றி, மிளகு விலையைப் பற்றி, மழைக்கு ஒழுகுகிற பாலர் பாடசாலைக் கூரையைப் பற்றிப் பேசினாள். மைக் ஒரு தடவை மக்கர் பண்ணியது, அவள் அதைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகவே பேசி முடித்தாள். பிள்ளையின் குரல் நடுங்கவில்லை.

மறுநாள் காலையில் ஜுனைதா முறைப்படி கதிரை எடுக்கப் போனாள். முதலில் குலதுங்கவின் வீட்டுக்குப் போனாள். சுவரில் அவருடைய தாயின் படம் இருந்தது, கீழே விளக்கு. தேநீரும் பனங்கட்டியும் வைத்தார்கள். குடித்து முடித்ததும் குலதுங்க எழுந்து நின்று, அம்மாவின் மரண வீடு இன்றைக்குத்தான் முடிகிறது என்று சொல்லி மண்டபச் சாவியைக் கொடுத்தார். அவளும் ஜைனுதீனும் அறுபதையும் லொறியில் ஏற்றினார்கள். கம்பி கட்டினதை விட்டுவிட்டுப் போகும்படி குலதுங்க கேட்டார், புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் அதைத்தான் முதலில் ஏற்றச் சொன்னாள்.

வரும் வழியில் மைதானத்துக் கதிரைகளையும் எடுத்தார்கள். முன்வரிசைகளில் சேறு இருந்தது. பின்னால் பெரும்பகுதி அடுக்குக் குலையாமல் இருந்தது. வேறொரு நாளானால் ஜுனைதா அதை வைத்து ஜைனுதீனோடு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்திருப்பாள். அன்று அவள் அபேசுந்தரவிடம் வாடகை வாங்கிக்கொண்டு, தேநீர் குடித்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

வோட்டுப் போடும் நாளும் வந்தது. பிரதேச சபைத் தேர்தலில் வோட்டை அந்தந்தச் சாவடியிலேயே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். எந்தத் தெரு என்ன செய்தது என்பது பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஜுனைதா எண்ணுகிற இடத்துக்குப் போகவில்லை. கடைக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு, உடகமையிலிருந்து வந்த கதிரைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவற்றில் அழுக்கு இருக்கவில்லை. கை சும்மா இருந்தால் மனம் ஓடும் என்று கழுவினாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜஸ்லா வந்தாள். கட்சிப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நம்மட தெருப் பெட்டியில நான் தோத்துட்டேன், உம்மா," என்றாள்.

ஜுனைதா குழாயை மூடினாள். பொம்பிளைக்கு எதுக்கு அரசியல் என்று சொல்லித் தெருவில் சிலர் ஒரு சுயேச்சை வேட்பாளரின் பக்கம் போனது அவள் காதில் விழுந்திருந்தது. முரசுக்காரனுக்குக் கதிரை கொடுத்தாளே என்று சிலர் கோபித்ததும் தெரியும். ஆனாலும் சொந்தத் தெரு. சுபஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

"பரவால்ல மகள். அல்லாஹ்..."

"இரிங்க, முடிக்கல்ல. வட்டாரம் நமக்குத்தான். உடகம தூக்கி விட்டிரிச்சி. எல்லாரும் இல்ல, முரசுக்கும் நிறைய விழுந்திரிக்கி. ஆனா உடகம இல்லாட்டி நான் இல்ல." சொல்லும்போதுதான் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கதிரையத் தந்துட்டாங்க, வோட்டையும் தந்துட்டாங்க, உம்மா. இனி என்ன சொல்லப் போறீங்க?"

இரண்டு தரம் குடி பெயர்ந்த ஊர் மூன்றாம் தரமும் பெயரலாம், அது ஜுனைதாவுக்குத் தெரியும். பயம் திரும்பி வந்தால் சனமும் திரும்பிப் போகும். அது வருகிற அன்றைக்கு வரட்டும். இன்றைக்கு, தன்னுடைய தெரு கைவிட்ட பிள்ளையை, ஆறு வருஷமாகத் தான் கள்ளர் என்று சொன்ன ஊர் கைப்பிடித்துத் தூக்கியிருக்கிறது. இதற்கு எப்படி நன்றி சொல்வது, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அவள் ஈரக் கையோடு நின்றாள்.

பிறகு கழுவி வைத்ததிலிருந்து செப்புக் கம்பி சுற்றின கதிரையை இழுத்தாள். முக்காட்டு நுனியால் அதை நன்றாகத் துடைத்தாள். ஜைனுதீன் வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, ஹஸீப் ஹயரின் முதலாளி முதல் தடவையாகத் தன் கதிரை ஒன்றில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் உட்கார்ந்தாள். கட்டின கால் தாங்கியது.

"உங்கட வாப்பா கோவிச்சுக்க மாட்டார்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, சோடாப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.